ஒரு அச்சு, பல பெட்டிகள்: நீலகிரியில் பழைய ரோபோ கிட் சேர்க்கத் தொடங்குபவர்களுக்கு

பழைய ரோபோ மாடல் கிட் என்று நான் இங்கே சொல்வது, 1970-களின் கடைசியிலிருந்து 1990-கள் வரை ஜப்பானில் வந்த பிளாஸ்டிக் கிட்டுகளை. பெட்டியைத் திறந்தால் உள்ளே முழுப் பொம்மை இருக்காது. சட்டம் சட்டமாகப் பிளாஸ்டிக் இருக்கும். கை, கால், தலை எல்லாம் அதில் தனித்தனியாக ஒட்டிக்கொண்டிருக்கும். கூடவே ஒரு விளக்கத்தாளும், நீரில் நனைத்து ஒட்டும் படங்கள் உள்ள ஒரு டெகால் தாளும். வெட்டுவது, தேய்ப்பது, ஒட்டுவது, வண்ணம் அடிப்பது எல்லாம் நம் வேலை. அந்தச் சட்டத்துக்கு ரன்னர் என்று பெயர். இனி அடிக்கடி வரும் சொல் இது.

ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் இதில் ஆர்வம் காட்டும் இளைஞர்களைப் பார்க்கிறேன். பெரும்பாலும் புதுக் கிட்டில் தொடங்குகிறார்கள். அப்புறம் பழையதைத் தேடும்போதுதான் குழப்பம் வருகிறது: ஒரே ரோபோவுக்கு நாலு பெயர், ஐந்து பெட்டி, ஆறு விலை. இந்தக் குழப்பத்திலிருந்து வெளியே வர ஒரு வழி உண்டு. பெட்டியின் பின்னால் ஓடாதீர்கள், அச்சின் பின்னால் போங்கள். உருகிய பிளாஸ்டிக்கை அழுத்தி வார்க்கும் உலோக அச்சுதான் ஒரு கிட்டின் உண்மையான அடையாளம். அதைச் செய்யப் பெரும் செலவாகும் என்பதால் யாரும் லேசில் தூக்கிப் போடுவதில்லை. நிறுவனங்கள் மூடப்பட்டாலும் அச்சு கை மாறும். அதிலிருந்து வந்த பாகங்கள் வேறு நாட்டில், வேறு மொழிப் பெட்டியில், வேறு பெயரில் விற்கும். அந்தப் பயணத்தைத் தெரிந்துகொள்வதில்தான் இந்தச் சேகரிப்பின் முழு ருசியும் இருக்கிறது.

முதலில் ஒரு இழையைப் பிடியுங்கள்

'எல்லா ரோபோவும் வேண்டும்' என்று தொடங்குகிறவர்கள் சீக்கிரம் சலித்துப் போகிறார்கள். வீட்டில் இடமும் இருக்காது. ஒரு தொடரை, முடிந்தால் அதில் ஒரே ஒரு இயந்திரத்தைத் தேர்ந்தெடுத்து, அது எந்தெந்த நாட்டில் எப்படியெல்லாம் விற்றது என்று தேடுங்கள். தொடங்குவதற்கு மூன்று இழைகளைச் சொல்கிறேன்.

முதலாவது கண்டாம். தொலைக்காட்சித் தொடர் 1979 ஏப்ரலில் தொடங்கி 1980 ஜனவரியில் முடிந்தது. பண்டாய் நிறுவனம் அதன் முதல் கிட்டை வெளியிட்டதோ 1980 ஜூலையில், அதாவது தொடர் ஓடி முடிந்த பிறகு. அளவு 1/144, விலை 300 யென். கதையில் 18 மீட்டர் உயரமுள்ள இயந்திரம் கையில் பன்னிரண்டரை சென்டிமீட்டராக நிற்கும். இந்த இழை புதியவர்களுக்கு எளிது, ஏனென்றால் கிட்டுகள் தாராளமாகக் கிடைக்கின்றன. ஆனால் ஒரு பொறி இருக்கிறது. அந்த 1980 அச்சில் பண்டாய் பின்னாளிலும் திரும்பத் திரும்ப வார்த்து விற்றது. ஆகவே 'பழைய வடிவம்' என்பதும் 'பழைய வார்ப்பு' என்பதும் வேறு வேறு. சென்ற வருடம் வார்த்த கிட்டை 1980 கிட் என்று நினைத்துப் பழைய விலை கொடுத்துவிடாதீர்கள்.

இரண்டாவது டாக்ரம், மேக்ராஸ் கூட்டம். டாக்ரம் 1981-இல் வந்த தொடர். அதன் கிட்டுகளைத் தகாரா செய்தது. மேக்ராஸ் 1982 அக்டோபரில் வந்தது. அதற்கு இமாய், அரீ என்ற இரண்டு நிறுவனங்கள் கிட் செய்தன. பிரதேச வேறுபாடுகள் என்று பார்த்தால் இதைவிட வளமான இழை இல்லை. என் மனம் சாய்வதும் இதன் பக்கம்தான்.

மூன்றாவது டோமி நிறுவனத்தின் ஸோய்ட்ஸ். விலங்கு வடிவ இயந்திரங்கள். பசை வேண்டாம், பாகங்களை அழுத்திப் பொருத்தி ரப்பர் மூடிகளால் இறுக்கினால் போதும். சின்னவை சாவி கொடுத்தால் நடக்கும், பெரியவை பேட்டரி மோட்டாரில் நடக்கும். பிள்ளைகளோடு சேர்ந்து சேகரிக்க நினைக்கும் பெற்றோருக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

பெட்டியைப் படிக்கப் பழகுங்கள்

ஜப்பான் மொழி தெரியாமலே ஒரு பெட்டியின் வயதைக் கணிக்க முடியும். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் பாதி ஏமாற்றம் குறையும். ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் ஒரு எச்சரிக்கை. பெட்டியிலோ ரன்னரிலோ பதிப்புரிமைக் குறியோடு (©) ஒரு வருடம் இருக்கும். அது தொடரின் வருடமாகவோ அச்சு செய்யப்பட்ட வருடமாகவோ இருக்கலாம். உங்கள் கையில் இருக்கும் பெட்டி வெளிவந்த வருடம் என்பதற்கு அது சாட்சி ஆகாது. விற்பவர்கள் நல்லெண்ணத்தோடே அந்த வருடத்தைத் தலைப்பில் போட்டுவிடுகிறார்கள். அதை ஒதுக்கிவிட்டு மற்ற தடயங்களைப் பாருங்கள்.

நிறுவனத்தின் பெயரும் சின்னமும் முதல் தடயம். கண்டாம் கிட்டுகளை முதலில் செய்தது பண்டாய் மொகேய் என்ற துணை நிறுவனம். 1983-இல் அது தாய் நிறுவனத்தோடு இணைந்துவிட்டது. பெட்டியிலோ விளக்கத்தாளிலோ மொகேய் என்று இருந்தால் அது அந்த இணைப்புக்கு முந்தைய தலைமுறை. எதிர்முனையில், பண்டாய் ஸ்பிரிட்ஸ் என்ற பெயர் 2018-இல்தான் வந்தது. நீல நிறத்தில் அந்தச் சின்னத்தைப் பார்த்தால் உள்ளே இருக்கும் அச்சு எவ்வளவு பழையதானாலும் பெட்டி புதியது.

அடுத்தது பதிப்புரிமையைச் சொல்லும் வரி. கண்டாம், டாக்ரம் போன்ற தொடர்களைத் தயாரித்த சன்ரைஸ் நிறுவனத்துக்கு 1987 வரை நிப்பான் சன்ரைஸ் என்று பெயர். ஜப்பான் எழுத்தில் பார்க்கும்போது, சன்ரைஸ் என்ற கோணல் எழுத்துகளுக்கு முன்னால் இரண்டு கனத்த எழுத்துகள் இருக்கும்: ஒன்று நடுவில் ஒரு குறுக்குக் கோடு போட்ட செவ்வகம், இன்னொன்று அடியில் சின்னக் கோடு போட்ட மரம் போன்றது. அந்த இரண்டும் இருந்தால் 1980-களின் பெட்டி என்று பெரும்பாலும் நம்பலாம்.

எனக்கு மிகவும் பிடித்த தடயம் விளக்கத்தாளின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும் முகவரி. தோக்கியோ தொலைபேசி எண்களில் 03-க்குப் பிறகு 1991 ஜனவரி முதல் ஒரு 3 கூடுதலாகச் சேர்ந்தது. அதற்கு முன் ஏழு இலக்கம், பிறகு எட்டு. ஜப்பானின் அஞ்சல் குறியீடு 1998 பிப்ரவரி வரை மூன்று அல்லது ஐந்து இலக்கம். அதற்குப் பிறகு ஏழு. விற்பவரிடம் இந்த மூலையை மட்டும் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொன்னால் போதும், பத்து வருடத் துல்லியம் கிடைத்துவிடும். பெட்டியை மாற்றி வைத்து ஏமாற்றுகிறவர்கள்கூட விளக்கத்தாளின் மூலையை யோசிப்பதில்லை.

பார்கோடும் உதவும். 1980-களின் தொடக்கப் பெட்டிகள் பலவற்றில் அது இருக்கவே இருக்காது. இருந்தால் முதல் இரண்டு மூன்று இலக்கங்களைப் பாருங்கள்: 45 அல்லது 49 என்றால் ஜப்பான், 880 கொரியா, 471 தைவான், 489 ஹாங்காங். அந்த எண் எந்த நாட்டில் பதிவானது என்பதைத்தான் அது காட்டும், எங்கே தயாரானது என்பதை அல்ல. இருந்தாலும் எந்தச் சந்தைக்கான பெட்டி என்று ஊகிக்க நல்ல கைப்பிடி. ஐரோப்பாவின் சிஇ (CE) பாதுகாப்புக் குறி இருந்தால் 1990-க்கு முன் போக முடியாது. காகிதத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் ஜப்பானில் போடும் மறுசுழற்சிக் குறிகள் இருந்தால் அது 2001-க்குப் பிந்தையது.

ஒரே ஒரு தடயத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். மீந்துபோன பழைய விளக்கத்தாளைப் புதுப் பெட்டியில் போடுவது எந்தத் தொழிற்சாலையிலும் நடக்கக்கூடியது. மூன்று தடயமாவது ஒரே திசையைக் காட்டட்டும்.

நாட்டுக்கு நாடு என்ன மாறும்

டாக்ரம் அச்சை எடுத்துக்கொண்டே இதை விளக்கலாம். 1984-இல் அமெரிக்காவின் ரெவெல் நிறுவனம் டாக்ரம், மேக்ராஸ், ஆர்கஸ் ஆகிய மூன்று வெவ்வேறு ஜப்பானியத் தொடர்களின் கிட்டுகளை வாங்கி, எல்லாவற்றையும் ரோபோடெக் டிஃபெண்டர்ஸ் என்ற ஒரே வரிசையாக்கி விற்றது. மூலத்தில் ஒன்றோடொன்று சம்பந்தமே இல்லாத இயந்திரங்கள் அங்கே ஒரே குடும்பமாகிவிட்டன, பெயர்களும் மாறிவிட்டன. அடுத்த வருடம் ஹார்மனி கோல்ட் நிறுவனம் மேக்ராஸையும் இன்னும் இரண்டு தொடர்களையும் இணைத்து அமெரிக்கத் தொலைக்காட்சிக்குத் தந்தபோது ரோபோடெக் என்ற பெயரையே அதற்கும் வைத்தது. ஆக, ஒரு கிட் பெட்டியில் பிறந்த பெயர் ஒரு தொலைக்காட்சித் தொடருக்குப் போனது. தலைகீழாக நடந்த கதை இது. இந்தக் காரணத்தாலேயே ரெவெல் பெட்டிகளுக்குச் சேகரிப்பில் தனி மதிப்பு உண்டு.

டாக்ரம் அதோடு நிற்கவில்லை. ஃபாஸா என்ற அமெரிக்க நிறுவனம் 1984-இல் வெளியிட்ட பலகை விளையாட்டு, மறுவருடம் பேட்டில்டெக் என்று பெயர் மாறியது. அதில் ஷேடோ ஹாக் என்று வந்த இயந்திரம் நம் டாக்ரம்தான். பிறகு உரிமை வழக்குகள் வந்து, 1990-களின் நடுவில் அந்த உருவங்களை விளையாட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதனால் ஒரே உருவத்தைத் தகாரா பெட்டியாகவும், ரெவெல் பெட்டியாகவும், விளையாட்டின் சின்ன உலோகப் பொம்மையாகவும் மூன்று வகை ஆட்கள் தேடுகிறார்கள். விலை ஏன் நாட்டுக்கு நாடு இப்படித் தாறுமாறாக இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்.

பெயர் மாற்றம் தேடுதலுக்கு முக்கியம். 1975-இல் ஜப்பானில் வந்த கிரெண்டைசர் 1978-இல் பிரான்சில் கோல்டோராக் ஆனது, இத்தாலியில் கோல்ட்ரேக் ஆனது. அரபு நாடுகளில் கிரெண்டைசராகவே இருந்தது. ஸோய்ட்ஸில் ஜப்பானியர் கோஜுலாஸ் என்று அழைப்பதைப் பிரிட்டனில் ஸோய்ட்ஸில்லா என்று விற்றார்கள். அதே டோமியின் இயந்திரங்கள் 1980-களின் நடுவில் அமெரிக்காவில் ரோபோ ஸ்ட்ரக்ஸ் என்ற பெயரில், வேறு நிறப் பிளாஸ்டிக்கில் வந்தன. ஒரே பெயரைத் தட்டித் தேடினால் பாதிக்கு மேல் கண்ணில் படாது. நீங்கள் பிடித்த இழையின் எல்லா நாட்டுப் பெயர்களையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு தேடுங்கள்.

நம் நாட்டிலும் இதற்கு இணையான ஒன்று நடந்தது. ஃபன்ஸ்கூல் இங்கே செய்த ஜி.ஐ. ஜோ பொம்மைகள் அமெரிக்கப் பொம்மைகளின் அச்சிலிருந்தே வந்தாலும் நிறங்கள் வேறாக இருந்தன. நாம் சிறு வயதில் மண்ணில் போட்டு விளையாடியதை வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். பிரதேச வேறுபாடு என்பதை ஒரு நண்பருக்குப் புரியவைக்க நான் எடுக்கும் உதாரணம் இதுதான்.

கண்டாமில் வேறுபாடு கொஞ்சம் அடங்கியது. 2000-இல் அமெரிக்காவில் கண்டாம் விங் ஒளிபரப்பானதை ஒட்டி ஆங்கிலப் பெட்டிகளில் கிட்டுகள் போயின. உள்ளே பிளாஸ்டிக் அதேதான். அந்தப் பெட்டிகளுக்கு அதிக விலை கொடுக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து, அந்தத் தொடரையே சேர்ப்பவராக இருந்தாலொழிய.

அப்புறம் அனுமதி இல்லாத நகல்கள். 1980-களில் கொரியாவிலும் ஹாங்காங்கிலும் ஜப்பானியக் கிட்டுகளைப் பார்த்து நிறைய நகல் அச்சுகள் செய்தார்கள். கண்டுபிடிப்பது கடினமில்லை. முடிந்த பாகத்திலிருந்து நகலெடுக்கும்போது பிளாஸ்டிக் ஆறிச் சுருங்குவதால் பாகங்கள் மூலத்தைவிட இம்மி சிறிதாக இருக்கும். கோடுகள் மழுங்கியிருக்கும். ரன்னரில் நிறுவனப் பெயர் இருந்த இடம் வழவழப்பாக இருக்கும். அசல் என்று சொல்லி நகலை விற்பது ஏமாற்று. ஆனால் நகல் என்று தெரிந்தே சேர்ப்பதில் தவறில்லை. அந்தக் காலக் கொரியப் பெட்டிப் படங்களுக்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். பாகத்தின் ஓரத்தில் மெல்லிய தகடு போலப் பிளாஸ்டிக் பிதுங்கியிருப்பதை மட்டும் நகலின் அடையாளமாக எடுக்காதீர்கள். அச்சு தேய்ந்துபோனால் அசலிலும் அப்படி வரும்.

மறுவெளியீட்டையும் புது அச்சையும் பிரித்துப் பாருங்கள். இமாய் செய்த பல அச்சுகள் பின்னாளில் பண்டாய் கைக்கு வந்து, பண்டாய் பெட்டியில் விற்றன. அது பழைய அச்சின் மறுவெளியீடு. ஹசெகாவாவின் மேக்ராஸ் விமானங்களும் மேக்ஸ் ஃபேக்டரியின் 1/72 டாக்ரம் இயந்திரங்களும் முழுக்கப் புதிதாகச் செய்த அச்சுகள். செய்து வைக்க அருமையானவை. உங்கள் இழையில் அவற்றுக்கு இடம் உண்டா என்பதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும்.

எங்கே தேடுவது

மலையில் இதற்கென்று கடை இல்லை. ஆனாலும் நம் ஊருக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. வெலிங்டனில் ராணுவக் குடும்பங்கள் வந்து போய்க்கொண்டே இருக்கின்றன. லவ்டேல், ஊட்டிப் பக்கத்து விடுதிப் பள்ளிகளில் வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளைகள் பல தலைமுறையாகப் படித்திருக்கிறார்கள். வீடு காலி செய்யும்போது பரணில் கிடக்கும் பெட்டிகள் பழைய சாமான் கடைக்கு வரலாம். கடைக்காரரிடம் ரோபோ என்று கேட்டால் அவர் கையைக் காலை ஆட்டும் பேட்டரி பொம்மையைத்தான் நினைப்பார். 'அண்ணா, ஒட்டிச் செய்யற ஏரோப்ளேன், டேங்க் மாதிரி டப்பா ஏதாவது வந்தா ஒரு போன் பண்ணுங்க, உள்ள உடைஞ்சிருந்தாலும் பரவால்ல' என்று சொல்லி நம்பரைக் கொடுத்துவிட்டு வாருங்கள். பழைய புத்தகம் எடுப்பவர்களிடமும் சொல்லி வையுங்கள். அடிக்கடி கிடைக்காது, கிடைக்கும்போது பெட்டியின் சரித்திரத்தையும் கேட்டு எழுதிக்கொள்ளலாம், அது தபாலில் வராது.

மற்றபடி ஜப்பானிலிருந்து வரவழைப்பதுதான் வழி. மந்தராகே போன்ற பழம்பொருள் கடைகளும் யாஹூ ஏலத் தளமும் அங்கே பெரிய சந்தைகள். நேரடியாக இந்தியாவுக்கு அனுப்பாத விற்பனையாளர்களிடம் நமக்காக வாங்கி, சேர்த்துக் கட்டி அனுப்பும் இடைத்தரகு நிறுவனங்கள் உண்டு. ஏலக் குறிப்புகளில் திரும்பத் திரும்ப வரும் சில சொற்கள் தெரிந்தால் போதும். மிகுமிதாதே என்றால் இன்னும் செய்யப்படாதது. கெப்பின் என்றால் பாகம் குறைகிறது. ஹகோ இதாமி என்றால் பெட்டி சேதம். ஜங்க் என்று போட்டிருந்தால் குறை எதுவானாலும் திருப்பிக் கொடுக்க முடியாது. கைபேசியின் மொழிபெயர்ப்புச் செயலி மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

பணம் கட்டுமுன் விற்பவரிடம் மூன்று படம் கேளுங்கள்: எல்லா ரன்னர்களையும் பரப்பி வைத்த ஒன்று, டெகால் தாள் ஒன்று, விளக்கத்தாளின் முகவரி மூலை ஒன்று. விளக்கத்தாளில் ரன்னர்களின் படம் போட்டிருந்தால் அதோடு ஒப்பிட்டு எண்ணுங்கள். ரன்னரிலிருந்து கழன்ற பாகம் பையில் இருந்தால் கவலையில்லை. ஒரு ரன்னரே குறைந்தால் வேண்டாம். அதைத் தனியாகத் தேடுவது கிட்டைத் தேடுவதைவிடச் சிரமம். பெட்டி நசுங்கி, உள்ளே முழுமையாக இருக்கும் கிட் புதியவர்களுக்கு ஏற்றது. விலையும் இறங்கும், அச்சைக் கையில் எடுத்துப் படிக்கவும் முடியும்.

பார்சல் மலையேறும் வரை

சுங்கத் தீர்வையைச் சேர்க்காமல் விலையைக் கணக்கிடாதீர்கள். பொம்மைகளுக்கான இறக்குமதித் தீர்வை 2020 பட்ஜெட்டில் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-இல் 70 ஆனது. இந்த விகிதங்கள் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறும், தனிநபர் தபாலுக்கு விதி வேறாகவும் இருக்கலாம், ஆகவே ஆர்டர் போடும் வாரத்தில் நடப்பு விகிதத்தைப் பாருங்கள். பொருளின் விலையோடு கப்பல் அல்லது விமானக் கட்டணத்தையும் சேர்த்துத்தான் தீர்வை போடுவார்கள். கனமான ஒரு பெட்டியை அவசரமாக வரவழைத்தால் இரண்டு பக்கமும் அடி. விலையைக் குறைத்து எழுதச் சொல்லாதீர்கள். அது சட்டப்படி தவறு. பார்சல் தொலைந்தால் அந்தக் குறைந்த தொகைக்குத்தான் இழப்பீடும் கிடைக்கும்.

பார்சல் வீட்டுக்கு வந்ததும் உடனே பிரிக்காதீர்கள். மேட்டுப்பாளையத்து வெக்கையிலிருந்து ஊட்டிக் குளிருக்கு, அல்லது இரவெல்லாம் குளிர்ந்த வண்டியிலிருந்து சூடான அறைக்கு வந்த பெட்டியில் நீர் பூக்கும். ஒரு நாள் அப்படியே அறையில் வைத்துவிட்டு மறுநாள் திறங்கள்.

ஈரம்தான் எதிரி

சமவெளிச் சேகரிப்பாளர்களின் அறிவுரை இந்த இடத்தில் நமக்குப் பொருந்தாது. அவர்கள் வெயிலுக்குப் பயப்படுகிறார்கள்; நமக்கு ஈரமும் வெயிலும் சேர்ந்தே தொல்லை. கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும். குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளில் அக்டோபருக்குப் பிறகு வடகிழக்குப் பருவமழை. இடையில் மூடுபனி. பிளாஸ்டிக்குக்கு ஈரத்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது. கெடுவதெல்லாம் காகிதம்: பெட்டி உப்பும், விளக்கத்தாளில் பூஞ்சணம் படரும், டெகால் தாள் ஒட்டிக்கொள்ளும், ராமபாணப் பூச்சி வந்து சேரும். பிரதேச வேறுபாட்டின் சாட்சிகள் எல்லாம் அந்தக் காகிதத்தில்தான் இருக்கின்றன என்பதால் இதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை.

முதல் செலவு ஒரு சின்ன ஈரப்பதமானியாக இருக்கட்டும். சில நூறு ரூபாய்தான். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பூஞ்சணம் வரத் தொடங்கும். 45-க்கும் 55-க்கும் நடுவில் வைக்க முடிந்தால் நிம்மதி. முழு அறையையும் அப்படி வைப்பது மலை வீட்டில் நடக்காத காரியம். ஆகவே மூடி இறுகப் பூட்டும் பெரிய பிளாஸ்டிக் டப்பாக்களை வாங்கி, ஒவ்வொன்றிலும் சிலிக்கா ஜெல் போட்டு, அதற்குள் கிட் பெட்டிகளை வையுங்கள். நிறம் மாறும் வகை நல்லது. ஆரஞ்சு நிறம் பச்சையானால் ஈரத்தைக் குடித்து முடித்தது என்று அர்த்தம்; ஓவனில் சூடாக்கினால் மறுபடி ஆரஞ்சாகும். நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாகும் வகையில் கோபால்ட் உப்பு இருக்கும், குழந்தைகள் உள்ள வீட்டில் அது வேண்டாம்.

டப்பாவை வெளிச்சுவரை ஒட்டி வைக்காதீர்கள். பழைய கல் வீடுகளில் அந்தச் சுவர் வியர்க்கும். தரையிலும் வேண்டாம். உள்சுவர்ப் பக்கம், ஒரு கை இடைவெளி விட்டு, மரப்பலகை மேல் வையுங்கள். ஈரத்துக்குப் பயந்து கணப்புக்கோ ரூம் ஹீட்டருக்கோ பக்கத்தில் கொண்டுபோகவும் கூடாது. கிட்டுகளின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டிரீன் 100 டிகிரிக்கு முன்பே இளக ஆரம்பிக்கும், மெல்லிய பாகங்கள் வளைந்துவிடும்.

பூச்சிக்கு நம் வீடுகளில் கையாளும் இரண்டு வைத்தியங்களும் இங்கே ஆகாது. பாச்சை உருண்டையில் உள்ள நாப்தலின் ஆவி பாலிஸ்டிரீனை இளக்கும்; மூடிய டப்பாவுக்குள் போட்டால் பாகங்கள் பிசுபிசுத்துப் போகும். நீலகிரித் தைலமும் அப்படித்தான். ஊட்டியில் தெருவுக்குத் தெரு கிடைக்கிறது, வாசமும் நன்றாக இருக்கிறது என்று பஞ்சில் நனைத்து டப்பாவில் வைத்துவிடாதீர்கள், அதில் உள்ள சினியோல் பாலிஸ்டிரீனைக் கரைக்கக்கூடியது. உலர்வாக வைத்திருந்தாலே ராமபாணப் பூச்சி தங்காது.

ஸோய்ட்ஸ் போன்றவற்றின் ரப்பர் மூடிகளையும், சில கிட்டுகளில் வரும் மிருதுவான குழாய், சக்கரம் போன்றவற்றையும் தனிப் பையில் பிரித்து வையுங்கள். மிருதுவான வினைலிலிருந்து கசியும் எண்ணெய் தொட்டுக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக்கை அரித்துத் தழும்பாக்கும். ரப்பர் பேண்டால் ரன்னர்களைக் கட்டுவதும் கூடாது.

இனி வெயில். உயரம் கூடக்கூடப் புற ஊதாக்கதிரும் கூடும், 1000 மீட்டருக்குச் சுமார் 10 சதவீதம். ஊட்டி 2200 மீட்டருக்கு மேலே இருக்கிறது. குளிராக இருக்கிறதே என்று ஜன்னலோரம் அடுக்கி வைத்தால் வெள்ளைப் பிளாஸ்டிக் மஞ்சளாகும், பெட்டியின் சிவப்பு வெளிறும். இதே வெயில் ஒரு வேலைக்கு மட்டும் உதவும். மஞ்சளித்த டெகால் தாளைக் காற்றுப் புகாத பையில் போட்டு ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி வைத்தால் சில நாளில் மஞ்சள் குறையும். தினமும் பாருங்கள், போதும் என்றதும் எடுத்துவிடுங்கள்.

ஏற்கெனவே பூஞ்சணம் பிடித்த பெட்டி வந்தால் மற்றவற்றோடு சேர்க்காதீர்கள். ஈரத்துணி படக்கூடாது. தனியாக உலர்ந்த இடத்தில் சில நாள் வைத்து, முகமூடி போட்டுக்கொண்டு வெளியே வைத்து மென்மையான தூரிகையால் தட்டுங்கள். எல்லாப் பெட்டியையும் எடுத்துப் பார்க்கும் வேலையை ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் வைத்துக்கொள்வது நல்லது. மழைக்காலத்தில் டப்பாவைத் திறந்தால் அந்த ஈரத்தையும் உள்ளே வைத்து மூடுகிறோம்.

செய்வதா, அப்படியே வைப்பதா

இரண்டு கட்சியும் உண்டு. கிடைப்பதற்கரிய ரெவெல் பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருப்பதில் எனக்கு உடன்பாடுதான். ஆனால் ஒரே அச்சின் மலிவான மறுவெளியீடு கிடைக்கும்போது அதைச் செய்து பார்க்காமல் இருப்பது சரியில்லை. பசை தேய்த்து ஒட்டும் அந்தப் பழைய மூட்டுகள், ஒரே நிறப் பிளாஸ்டிக், கையால் அடிக்க வேண்டிய வண்ணம் ஆகியவற்றைச் செய்து பார்த்தால்தான் 1990-இல் பண்டாய் ஹைகிரேடு வரிசையில் பசையே இல்லாமல், பல நிறங்களில் பொருத்தும்படி கொண்டுவந்தது எவ்வளவு பெரிய தாண்டல் என்பது கைக்குப் புரியும். வண்ணத் தெளிப்பானைப் பனி மூட்டத்தில் எடுக்காதீர்கள். காற்றின் ஈரம் வண்ணத்தில் சிக்கி வெண்மையாகப் பூத்துவிடும். வெயில் ஏறிய நடுப்பகல்தான் நமக்குச் சரி. பழைய டெகாலை நீரில் போடுமுன் அதன் மேல் தெளிவான வார்னிஷ் ஒரு பூச்சுக் கொடுத்துக் காயவிட்டால் துண்டு துண்டாக உடையாது.

கடைசியாக, ஒரு நோட்டு. ஒவ்வொரு கிட்டுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பெட்டியின் பெயர், மூலப் பெயர், அச்சு செய்த நிறுவனம், பெட்டி போட்ட நிறுவனம், ரன்னர் எண்ணிக்கை, பிளாஸ்டிக் நிறம், வயதைக் காட்டிய தடயங்கள், எங்கிருந்து வந்தது, தீர்வையோடு என்ன ஆனது. ரன்னரில் பொறித்திருக்கும் எழுத்துகளைச் சாய்வான வெளிச்சத்தில் படம் எடுத்து எண் போட்டு வையுங்கள். அதே அச்சின் இரண்டாவது பெட்டி வந்ததும் இரண்டு ரன்னரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்த எழுத்து அழிந்திருக்கிறது, எது புதிதாக வந்திருக்கிறது, எந்த ஓரம் தேய்ந்திருக்கிறது என்று எழுதுங்கள். எது முந்தியது, எது பிந்தியது என்பதை அந்த இரண்டு பக்கங்களிலிருந்தே சொல்லிவிடலாம்.